விருந்தாளிக் குடம்

"வாழ்த்துகள்மா! உங்க பம்புத் தண்ணி அருமையான தண்ணி."

கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த கிளார்க் இப்படிச் சொன்னதும், அந்த ஆள் என்னைக் கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். நான் துணி தேய்க்கிறவள். நாளெல்லாம் சூட்டில் நிற்பதாலோ என்னவோ, கோபம் என் மூக்கு நுனியிலேயே குடியிருக்கும். ஆனாலும் குடிநீர் அலுவலகத்தில் கத்தக் கூடாது என்று காலையிலேயே எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டுதான் கிளம்பியிருந்தேன்.

"சரியா பாருங்க சார். எங்களுது சுவரோரச் சந்து. நாப்பத்திரண்டு வீடு."

"அதேதாம்மா. சுவரோரச் சந்து, கைப்பம்பு. கிருமி இல்ல, உப்பு இல்ல, நாத்தம் இல்ல. குடிக்கத் தகுந்தது." தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "எங்க வீட்டுக்கே இப்படித் தண்ணி வர்றதில்ல, தெரியுமா?"

உப்பு இல்லையாம். நாற்றம் இல்லையாம். எங்கள் பம்பை அடித்தால் முதலில் ஒரு ஏப்பம் வரும். அதற்குப் பிறகு மஞ்சளாகத் தண்ணீர் வரும். அதில் அலசிய வெள்ளைத் துணி எதுவும் வெள்ளையாகக் கொடிக்குப் போனதில்லை. என் மகளுக்கு ஏழு வயது. அந்தத் தண்ணீரில் குளித்துக் குளித்து முழங்கை மடிப்பெல்லாம் புண். மாதத்தில் பத்து நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறாள். அவள் டீச்சர் இப்போதெல்லாம் காரணம்கூடக் கேட்பதில்லை.

"அப்ப எங்களுக்குக் குழாய்?" என்று கேட்டேன்.

"தண்ணி கெட்டுப்போன சந்துக்குத்தாம்மா இந்தத் தடவை குழாய். உங்களுக்குத்தான் நல்ல தண்ணி இருக்கே, பேரை அடிச்சுட்டாங்க. நாலு மணிக்கு இன்ஜினியர் லிஸ்ட்டை போர்டுல ஒட்டிருவாரு. அடுத்த லிஸ்ட் மூணு வருஷம் கழிச்சு."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டேகால். இந்தப் பட்டியலில் பெயர் ஏற நாங்கள் எத்தனை மனு கொடுத்தோம், எத்தனை வாசலில் நின்றோம்! பட்டாக் காகிதம் ஏதும் இல்லாத சந்து எங்களுடையது. காகிதம் இல்லாதவர்களுக்குக் குழாய் கிடையாது என்று இருந்ததை, தண்ணீர் கெட்டிருந்தால் தரலாம் என்று இப்போதுதான் மாற்றியிருந்தார்கள். கெட்ட தண்ணீருக்கு எங்களிடம் என்ன பஞ்சமா? பரிசோதனையில் தோற்பதற்கென்றே பிறந்த பம்பு அது. அது எப்படி முதல் மார்க் வாங்கியது?

ரிப்போர்ட்டின் நகல் ஒன்றைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினேன்.

எங்கள் சந்தின் ஒரு பக்கம் முழுக்க ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் பதினான்கு மாடி அடுக்ககம். இந்தப் பக்கம் நாங்கள், தகரமும் ஹாலோபிளாக்கும் தார்ப்பாயுமாக. சுவரின் அடியில் ஒரு பெரிய ஓட்டை. மாடிகளில் குளித்தது, துவைத்தது, இன்னும் சொல்லக் கூடாதது எல்லாம் அதன் வழியாக இறங்கி, எங்கள் வாசல்களைத் தொட்டுக்கொண்டே கால்வாயாக ஓடும். கால்வாய் முடிகிற இடத்தில் பம்பு. அதற்குப் பக்கத்தில் என் இஸ்திரி வண்டி. மாடிக்காரர்களின் சட்டைகளை அவர்கள் சாக்கடையின் கரையில் நின்றே நான் மடிப்புக் கலையாமல் தேய்க்கிறேன்.

வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் ஓரகத்தி பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. சந்தே அவளை மகாராணி என்றுதான் கூப்பிடும். ஒரு சேலையை நாலு வருடம் உடுத்தினாலும் மடிப்பு கலையாது, யாரிடமும் ஒரு தீப்பெட்டிகூடக் கடன் கேட்கமாட்டாள், யார் வீட்டுப் படியும் ஏறமாட்டாள். நானும் அவளும் வாரத்தில் மூன்று நாள் பேசுவோம், நாலு நாள் பேசமாட்டோம்.

"அக்கா! பம்புத் தண்ணிய டெஸ்ட்டுக்கு எடுக்க அந்த சாம்பிள்காரர் வந்தப்ப நீதானே பாட்டிலை ரொப்பிக் குடுத்தே?"

"ஆமா. அந்த ஆளு, கால்வாய் மேல போட்ட பலகை உடைஞ்சு உள்ள காலை விட்டாரே. அவரு பம்படியில காலைக் கழுவிக்கிட்டு இருந்தாரு. 'கொஞ்சம் புடிச்சு வைங்கம்மா'ன்னாரு. புடிச்சுக் குடுத்தேன்."

"எதுலேருந்து?"

அவள் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். என்ன கேள்வி இது என்பது போல. "குடத்துலேருந்துதான். வெளியாளுக்குப் பம்புத் தண்ணியையா குடுப்பாங்க?"

அப்படியே வண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் குடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன்னால் கணக்கெடுக்க வந்த ஒரு அம்மா, தாகமாக இருக்கிறது என்று எங்கள் பம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். அடுத்த வீட்டு வாசலிலேயே வாந்தி எடுத்தார். அன்று சந்தே கூனிக் குறுகிப்போனது. அன்றைக்குப் பிறப்பித்தாள் மகாராணி ஒரு சட்டம். அடுக்ககத்தின் அடித்தளத்தில் கார் கழுவுகிற குழாயில் நல்ல தண்ணீர் வரும். வாட்ச்மேன் அண்ணன் தினமும் ஒரே ஒரு குடம் பிடிக்க விடுவார். அது சந்துக்கே பொதுக் குடம், விருந்தாளிக் குடம். முறை வைத்து ஒவ்வொரு வீட்டுக்காரரும் போய்ப் பிடித்து வர வேண்டும். மகாராணி வீட்டில் தட்டு போட்டு மூடி வைத்திருக்கும். நர்ஸம்மா வந்தாலும், ஓட்டு கேட்டு வந்தாலும், பெண் பார்க்க வந்தாலும் அதிலிருந்துதான். நாங்கள் தொடமாட்டோம். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக்கூட பம்புத் தண்ணீரைத்தான் காய்ச்சி, துணியில் வடிகட்டிக் கொடுப்போம். எங்கள் மானம் அந்தக் குடத்தில் இருந்தது.

அந்த மானத்தைத்தான் பாட்டிலில் ஊற்றி அனுப்பியிருக்கிறாள்!

"அடிப்பாவி! குடியைக் கெடுத்துட்டியே!" என்று நான் போட்ட கூச்சலில் சந்தின் கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன. ரிப்போர்ட்டை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். மகாராணியின் முகம் வெளுத்தது. ஆனால் அவள் விட்டுக்கொடுக்கிற ஆளா?

"என்னை மட்டும் சொல்றியேடி. நான் ஊத்தும்போது மூடியில கை படாம புடிச்சுக்கிட்டு நின்னது யாரு? நீதானே?"

உண்மைதான். மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். குடத்திலிருந்து விழுந்த தண்ணீரைப் பார்த்தேன். தப்பு என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை; பிறகு அது நினைவிலும் தங்கவில்லை. பதினோரு வருடப் பழக்கம் கண்ணை அப்படி மறைத்திருந்தது.

"சண்டையை அப்பறம் வச்சுக்கங்கடி," என்றாள் மூன்றாம் வீட்டுக்காரி. "அந்த சாம்பிள்காரரோட ஸ்கூட்டரை இப்பதான் அடுக்ககத்து கேட்டுல பார்த்தேன். அங்க என்னமோ டெஸ்ட்டாம்."

எனக்கு உடம்பில் புது ரத்தம் பாய்ந்தது. தேய்த்து வைத்திருந்த ஏழாம் மாடித் துணி மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டேன். துணி மூட்டை இருந்தால் கேட் திறக்கும். திரும்பினால், மகாராணி இடுப்பில் விருந்தாளிக் குடத்தோடு நிற்கிறாள்.

"நீ எதுக்கு?"

"இதுலேருந்துதான் ஊத்துனேன்னு ஊத்துனவதானே சொல்லணும்? நட."

வாட்ச்மேன் அண்ணன் எங்களைப் பார்த்துக் குழம்பிப்போனார். தினமும் காலிக் குடம் உள்ளே வரும், நிறைகுடம் வெளியே போகும். இன்று நிறைகுடம் உள்ளே வருகிறது.

"என்னம்மா, தண்ணிய திருப்பிக் குடுக்க வந்தீங்களா?"

"அண்ணே, ஒரு அவசரம். அப்பறம் சொல்றேன்," என்று சொல்லிக்கொண்டே நான் பாதி தூரம் ஓடிவிட்டேன்.

சாம்பிள்காரர் அடுக்ககத்தின் நடுவில், நீரூற்றுத் தொட்டியின் ஓரம் குந்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஐஸ் பெட்டி, பாட்டில்கள். தலைக்கு மேல் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நின்று பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

"இந்த மாசத்துல இது மூணாவது தடவை நீங்க வர்றீங்க. இன்னும் ஒரு முடிவு தெரியல. தண்ணி லேசா வாடை அடிக்குது. நாலு மீன் செத்துப்போச்சு. வெளிநாட்டு மீன் சார்!"

மூன்று தடவை! எங்கள் பம்புக்கு இவர் வந்தது பதினோரு வருடத்தில் ஒரே ஒரு தடவை. தோளில் இருந்த மூட்டையை அந்தத் தொட்டியிலேயே போடலாமா என்று இருந்தது. அடக்கிக்கொண்டு ரிப்போர்ட்டை சாம்பிள்காரர் மூக்குக்கு நேரே நீட்டினேன். படபடவென்று நடந்ததைச் சொன்னேன். அவர் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தார். ஒரு வரியில் விரல் நின்றது. நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"குளோரின் இருக்கே! கைப்பம்புல எப்படிக் குளோரின் வரும்? அது நாங்க குழாய்த் தண்ணியில கலக்குறது. நிலத்தடித் தண்ணியில ஒரு சொட்டுகூட இருக்காது. நானும் பாக்கல, லேப்ல இருந்தவனும் பாக்கல!"

"அப்ப இன்ஜினியர்கிட்ட வந்து சொல்லுங்க சார். நாலு மணிக்கு ஒட்டிருவாங்க."

அவர் முகம் சுருங்கியது. "அது அவ்வளவு லேசு இல்லம்மா. நானே என் கையால புடிச்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப போய்ச் சொன்னா என் வேலை என்ன ஆகும்?"

நியாயம்தான். அவருக்கும் வீடு வாசல், பிள்ளை குட்டி இருக்கும். அப்போதுதான் மகாராணி குடத்தை இறக்கி வைத்தாள்.

"உங்க கால் இப்ப எப்படி இருக்கு தம்பி?"

"காலா?"

"அன்னிக்குக் கால்வாய்க்குள்ள விட்டீங்களே, அந்தக் கால்."

அவர் தன்னையறியாமல் பேன்ட்டைச் சற்றுத் தூக்கினார். கணுக்காலைச் சுற்றித் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. மருந்து போட்ட அடையாளம் இருந்தது.

"ஒரு தடவை விட்டதுக்கு இது. எங்க புள்ளைங்க தினம் அது ஊறி வர்ற தண்ணியிலதான் குளிக்குதுங்க."

சாம்பிள்காரர் பேன்ட்டை இறக்கிவிட்டார். பிறகு பாட்டில்களை ஐஸ் பெட்டியில் போட்டு மூடினார். "ஸ்கூட்டர்ல மூணு பேரும் போயிரலாம். வாங்க."

"ஹலோ, எங்க மீன்?" என்றார் செயலாளர்.

"உங்க மீனு செத்துப்போச்சு சார்," என்றாள் மகாராணி, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி. "இனிமே அதுக்கு அவசரம் இல்ல. சுவத்துல ஒரு ஓட்டை இருக்கு, நேரம் கெடைச்சா எங்க பக்கம் வந்து எட்டிப் பாருங்க."

மகாராணி மாடிக்காரர் ஒருவரிடம் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. மூட்டையை வாட்ச்மேன் அண்ணன் தலையில் கட்டிவிட்டு வெளியே ஓடினோம்.

முதலில் பம்படி. இந்தத் தடவை சாம்பிள்காரர் பலகையில் கால் வைக்காமல் தாண்டிக் குதித்து வந்து, தன் கையாலேயே பம்பை அடித்தார். பம்பு ஏப்பம் விட்டது. சந்தே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. மஞ்சள் தண்ணீர் பாட்டிலில் இறங்க இறங்க எங்களுக்குள் ஒரே சந்தோஷம். "இன்னும் நல்லா அடிங்க சார், அடியில இருக்கிறது இன்னும் மோசமா இருக்கும்!" என்று ஒருத்தி கத்தினாள். எங்கள் தண்ணீர் கேவலமாக இருப்பதில் இவ்வளவு பெருமைப்பட்ட நாள் வேறு கிடையாது.

பிறகு நடந்த ஸ்கூட்டர் பயணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. முன்னால் காலிடுக்கில் ஐஸ் பெட்டியோடு சாம்பிள்காரர், நடுவில் நான், பின்னால் குடத்தோடு மகாராணி. மேம்பாலத்தின் அடியில் லாரிகள் மாட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு பள்ளத்திலும் குடம் என் முதுகில் இடித்தது, தண்ணீர் என் கழுத்தில் கொட்டியது.

"தண்ணி சிந்துது, மெதுவா!" என்று மகாராணி.

"மணி மூணே முக்கால், வேகமா!" என்று நான்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம வாங்கம்மா!" என்று சாம்பிள்காரர்.

நாங்கள் மாடி ஏறியபோது இன்ஜினியர் அறையில் பட்டியல் அச்சடித்து, கையெழுத்தாகி, மேஜை மேல் இருந்தது. பியூன் கையில் குண்டூசி டப்பாவோடு காத்திருந்தார். இன்ஜினியர் ஐம்பது வயதுக்காரர், களைத்த முகம். கேட்டதும் தலையை ஆட்டினார்.

"புது சாம்பிளுக்கு லேப்ல ரெண்டு நாள் ஆகும். லிஸ்ட்டை நிறுத்த முடியாது."

"ஒரு நிமிஷ டெஸ்ட் சார். குளோரின் மட்டும்," என்றார் சாம்பிள்காரர். பதில் வருவதற்குள் இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்து மேஜையில் நிறுத்தினார். ஒன்றில் குடத்துத் தண்ணீர், மற்றதில் பம்புத் தண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு மாத்திரை போட்டுக் குலுக்கினார்; குளோரின் இருந்தால் நிறம் மாறுமாம். குடத்துத் தண்ணீர் மெல்ல மெல்ல ரோஜா நிறத்துக்கு மாறியது. பம்புத் தண்ணீர் அதே மஞ்சள் முகத்தோடு அசையாமல் நின்றது.

"லேபுக்கு நான் அனுப்பினது இந்த ரோஸ் தண்ணி சார். பம்புத் தண்ணி இதுதான். அன்னிக்கு நான் என் கையால புடிக்கல. என் தப்பு."

இன்ஜினியர் பம்புத் தண்ணீரை முகர்ந்து பார்த்தார். முகத்தைச் சுளித்து வேகமாகக் கீழே வைத்தார். "சாம்பிளை மாத்துனது யாரு?"

மகாராணி குடத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். யார் முன்னாலும் எங்கள் தண்ணீரைப் பற்றி ஒரு குறை சொல்லாதவள். கேட்டால், எங்களுக்கு எதிலும் குறைவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்பவள். அவள் சொல்லவில்லையென்றால் நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நான்தாங்க. மாத்தணும்னு மாத்தல. இது வெளியாளுங்களுக்குக் குடுக்கிற தண்ணி. பதினோரு வருஷமா தினம் ஒரு குடம், பிச்சை வாங்குற மாதிரி வாங்கி மூடி வச்சிருக்கோம். வந்தவங்க குடிக்க முடியாம துப்பிட்டுப் போனா அசிங்கம்னு." அவள் பம்புத் தண்ணீர் இருந்த குழாயைக் காட்டினாள். "நாங்க குடிக்கிறது அந்த மஞ்சத் தண்ணி. எங்க புள்ளைங்களுக்கும் அதுதான். இதை வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க. அதான் யாருக்கும் தெரியல."

அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், அதுவும் சத்தமாக.

இன்ஜினியர் இரண்டு குழாய்களையும் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுப் பட்டியலை முன்னால் இழுத்தார். பிறகு பேனாவை எடுத்தார். பட்டியலின் அடியில், பதினாறாம் வரிக்குக் கீழே, பதினேழு என்று போட்டுக் கையால் எழுதினார்: சுவரோரச் சந்து, நாற்பத்திரண்டு வீடுகள், மறுபரிசோதனைக்கு உட்பட்டு. பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து. "ரெண்டு நாள்ல ரிப்போர்ட் சரியா வரணும்," என்றார். சாம்பிள்காரரிடம், "நீங்க நாளைக்கு வந்து எழுதிக் குடுங்க. பாத்துக்கலாம்," என்றார்.

ரிப்போர்ட் சரியாக வருமா என்ற பயம் எனக்கு இல்லவே இல்லை. எங்கள் பம்பை எனக்குத் தெரியும். கட்டாயம் தோற்கும்.

நாலு மணி அடிக்கப் பியூன் பட்டியலைப் பலகையில் குத்தினார். பதினேழாம் வரியை நான் மூன்று தடவை படித்தேன். மகாராணிக்குப் படித்துக் காட்டினேன். அவள் விரலால் தடவிப் பார்த்தாள். மை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது. "ஏய், அழிஞ்சிரப் போகுது!" என்று கையை இழுத்துவிட்டேன். இருவரும் சிரித்தோம். சிரிப்பை அடக்கவே முடியவில்லை. போகிறவர் வருகிறவரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சாம்பிள்காரர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஓடிப்போய் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார்.

வெளியே படிக்கட்டில் வந்து உட்கார்ந்தோம். நல்ல வெயில். காலையிலிருந்து இருவர் வாயிலும் ஒரு சொட்டு படவில்லை. மகாராணி உதட்டை நக்கிக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தாள். மடியிலேயே பாதிக் குடம் தண்ணீர் இருக்கிறது. அது அவள் நினைவுக்கே வரவில்லை.

நான் தட்டைத் திறந்தேன். "குடிக்கா."

"சீ, இது விருந்தாளிங்களுக்குடி!"

"இன்னிக்கு நீ வெளியாளா வந்திருக்கே. நீதான் விருந்தாளி. குடி."

என்னை முறைத்தாள். பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கி வாயில் சரித்தாள். மடக் மடக்கென்று இரண்டு வாய் குடித்தாள். நிறுத்தினாள். நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள். பதினோரு வருடமாகத் தட்டு போட்டுக் காவல் காத்த தண்ணீரை அன்றுதான் முதல் தடவையாக ருசி பார்க்கிறாள்.

"என்னடி இது," என்றாள், ஏமாற்றத்தோடு. "உப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. சப்புன்னு இருக்கு. இதையா வந்தவங்க எல்லாம் நல்லாருக்குன்னு குடிச்சாங்க?"

"நல்ல தண்ணி இப்படித்தான்க்கா இருக்குமாம்."

அவள் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்து இறுக்கி மூடினாள்.

"மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் உன் பொண்ணுக்குக் குடுக்கணும்," என்றாள். "பாவம், இப்பலேருந்தே பழகட்டும்."